எம்டிபி சைக்கிளை டியூப்லெஸ் ஆக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முள்ளுப் பாதையில் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) ஓட்டுபவர்கள் டியூப்லெஸ் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். முதலில் அடிப்படை, அடுத்து பொருத்தும் வேலை, கடைசியில் வழியில் வரும் சிக்கல்கள். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறோம்.

1. டியூப் இல்லாம காத்து எப்படி நிக்கும்?

சாதாரணச் சக்கரத்தில் காற்றைப் பிடித்து வைப்பது டியூப். டயர் அதற்குச் சட்டை மாதிரிதான். டியூப்லெஸ்ஸில் அந்த வேலையை டயரும் ரிம்மும் சேர்ந்து பார்க்கின்றன. டயரின் இரண்டு ஓரத்திலும் கம்பியோ நாரோ வைத்த தடித்த விளிம்பு இருக்கும், அதற்கு பீட் என்று பெயர். காற்றழுத்தம் பீடை ரிம் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது. ஸ்போக் ஓட்டைகளை டேப் மூடுகிறது. வால்வு நேராக ரிம்மிலேயே உட்காருகிறது. மிச்சமிருக்கும் பொடி இடுக்குகளை, உள்ளே ஊற்றும் பால் போன்ற சீலன்ட் அடைக்கிறது.

பைக்கிலும் காரிலும் இதே தத்துவம்தான். ஆனால் அந்த டயர்களுக்குள் காற்றுப் போகாத ரப்பர் பூச்சு கனமாக இருப்பதால் சீலன்ட் இல்லாமலே நிற்கும். சைக்கிள் டயரை அவ்வளவு கனமாகச் செய்தால் மிதித்து மாளாது. மாவிக், ஹட்சின்சன், மிஷலின் என்ற மூன்று கம்பெனிகளும் சேர்ந்து 1999இல் கொண்டுவந்த யூஎஸ்டி முறை, கார் டயர் வழியில் போனது: உட்சுவரில் ஸ்போக் ஓட்டையே இல்லாத ரிம், கனமான டயர். இன்று பெரும்பாலும் புழங்குவது டேப்பும் சீலன்டும் சேர்ந்த முறை. இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றியதுதான்.

2. டியூப்லெஸ் போட்டா பஞ்சரே ஆகாதாமே?

ஆகும். நீங்கள் கவனிக்கும் முன்பே அடைபட்டுவிடும், அவ்வளவுதான். சீமைக்கருவேல முள், நெருஞ்சி முள், மெல்லிய கம்பித் துண்டு போன்றவை போடும் 2, 3 மி.மீ. வரையிலான ஓட்டைகளை சீலன்ட் சில நொடிகளில் அடைக்கும். வேலிக்கு வெட்டிப்போட்ட கருவேல முள்ளை மிதித்தால் ஒரே நேரத்தில் ஐந்தாறு இடத்தில் குத்தும். டியூப் என்றால் அன்றைய சவாரி அதோடு முடிந்தது. டியூப்லெஸ்ஸில் டயரில் நாலைந்து ஈரப் பொட்டுகள் தெரியும், வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

கண்ணாடிச் சில்லு கிழித்த கீறல், கல் அறுத்த பக்கச்சுவர் இவற்றை சீலன்ட் அடைக்காது. 19ஆம் கேள்வி அதற்குத்தான்.

3. எடை குறையுமா? வேகம் கூடுமா?

எடைக்காக மாற்றாதீர்கள். 29 இன்ச் எம்டிபி டியூப் ஏறக்குறைய 200 கிராம். அதை எடுத்துவிட்டு 100 மி.லி. சீலன்ட், டேப், வால்வு சேர்த்தால் திரும்ப 120 கிராம் ஆகிவிடுகிறது. டியூப்லெஸ் டயர் கொஞ்சம் கனமாக இருந்தால் அந்த லாபமும் போச்சு.

உண்மையான லாபம் குறைந்த காற்றில் ஓட்ட முடிவது. டியூபோடு காற்றைக் குறைத்தால் கல்லில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். டியூப் இல்லையென்றால் அந்தப் பஞ்சர் இல்லை. அதனால் ஏழெட்டு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) குறைத்து ஓட்டலாம். சரளையில் பிடிமானம் கூடும், கை கடுக்காது. தார் ரோட்டில் மட்டும், வாரம் ஒரு நாள் ஓட்டுபவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. நல்ல டியூபும் ஒரு பம்பும் போதும்.

4. என் சைக்கிள் ரிம்முக்கு டியூப்லெஸ் செட் ஆகுமான்னு எப்படிப் பாக்குறது?

டயரைக் கழற்றி ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். முதல் கேள்வி, ரிம் ஒற்றைச் சுவரா இரட்டைச் சுவரா என்பது. ஸ்போக்கை ரிம்மில் பிடித்திருக்கும் குட்டி நட்டுக்கு நிப்பிள் என்று பெயர். அதன் தலை மேலேயே துருத்திக்கொண்டு தெரிந்தால் ஒற்றைச் சுவர். அதை அங்கேயே விட்டுவிடுங்கள், மேடுபள்ளத்தில் எந்த டேப்பும் நிற்காது. ஓட்டைக்குள் ஆழத்தில் நிப்பிள் தெரிந்தால் இரட்டைச் சுவர், மேலே பார்க்கலாம்.

அடுத்தது வடிவம். டியூப்லெஸ்ஸுக்கென்று செய்த ரிம்மில் நடுவில் ஒரு பள்ளம், இரண்டு ஓரத்திலும் சமதளமான திண்ணை, திண்ணைக்கும் பள்ளத்துக்கும் இடையில் சிறு வரப்பு இருக்கும். பீட் திண்ணையில் ஏறி உட்கார்ந்தால் அந்த வரப்பு அதைத் திரும்பப் பள்ளத்தில் விழாமல் தடுக்கும். பள்ளத்திலிருந்து ஓரம்வரை ஒரே சரிவாக இருக்கும் ரிம் டியூபுக்காகச் செய்தது. அதில் காற்று நிற்கவும் செய்யலாம். ஆனால் வளைவில் பக்கவாட்டு அழுத்தம் வரும்போது பீட் விலகி, புஸ்ஸென்று காற்று கக்கும். முன்சக்கரத்தில் அது நடந்தால் விழுவது உறுதி.

ரிம்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டியூப்லெஸ் ரெடி, டிஎல்ஆர், டிஆர், டிசிஎஸ் என்று ஏதாவது இருந்தால் கவலை இல்லை. ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் ரிம் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். கடையில் 'எல்லாத்துக்கும் போடலாம் சார்' என்று சொல்வதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

5. இப்ப இருக்கிற டயரையே வச்சுக்கலாமா?

டயர் பக்கச்சுவரில் டியூப்லெஸ் ரெடி, டிஆர், டிஎல்இ என்று எழுதியிருந்தால் வைத்துக்கொள்ளலாம். சைக்கிளோடு வரும் கம்பி பீட் டயர்கள் பெரும்பாலும் டியூபுக்கானவை. அவற்றின் பீட் விளிம்பு டியூப்லெஸ் ரிம்மில் இறுக்கமாக உட்காரும்படி அளவெடுத்துச் செய்யப்பட்டதில்லை. பக்கச்சுவரும் சல்லடையாகக் கசியும். கொக்கி இல்லாத நேர்சுவர் ரிம் என்றால் பேச்சே இல்லை, டியூப்லெஸ் டயர் மட்டும்தான்.

பழைய டியூப்லெஸ் டயராக இருந்தால் பீடைச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். ரப்பர் பிய்ந்து நார் தெரிந்தால் அது இனிக் காற்றுப் பிடிக்காது.

6. என்னென்ன வாங்கணும்? லிஸ்ட் கொடுங்க.

இரண்டு சக்கரத்துக்கு: டியூப்லெஸ் ரிம் டேப் 10 மீட்டர் ரோல் ஒன்று, டியூப்லெஸ் வால்வு இரண்டு, லேடெக்ஸ் (ரப்பர் பால்) சீலன்ட் கால் லிட்டருக்குக் குறையாமல், வால்வு பின் கழற்றும் சின்னச் சாவி, ஊசியில்லாத 50 மி.லி. சிரிஞ்ச், அதில் மாட்ட மெல்லிய குழாய், பிளாஸ்டிக் டயர் லீவர் இரண்டு. இரும்பு லீவர் வேண்டாம், டேப்பைக் கிழிக்கும்.

ரிம் துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். கைக்குப் போடும் சானிடைசர் அதற்கு மாற்று ஆகாது. அதில் கிளிசரின் கலந்திருப்பதால் பிசுக்கு மிஞ்சும், டேப் ஒட்டாது. ஒரு பிரெஸ்டா (ஒல்லியான சைக்கிள் வால்வு) அடாப்டரும் வாங்கிவிடுங்கள். பித்தளைத் துண்டுதான், ஆனால் ஊர்ப் பஞ்சர் கடையில் காற்றடிக்க அதுதான் கைகொடுக்கும்.

7. டேப் எந்த சைஸ் வாங்கணும்? எலெக்ட்ரீஷியன் டேப் சுத்தினா ஆகாதா?

ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. கூடுதலான அகலம் வேண்டும். ரிம்மில் 622x30 என்று இருந்தால் 30 மி.மீ. என்பது உள் அகலம், டேப் 32 அல்லது 34 வாங்குங்கள். டேப் பள்ளத்தில் இறங்கி, திண்ணை இரண்டிலும் ஏறி, சுவரைத் தொட்டு நிற்க வேண்டும். பீட் டேப்பின் மேல் உட்கார்ந்தால்தான் டேப்பின் ஓரம் வழியாக சீலன்ட் நுழையாது. ஓட்டையை மட்டும் மூடும் ஒல்லி டேப் ஒட்டினால் ஒரு மாதத்தில் ஓரம் கிளம்பிவிடும்.

வயரில் சுற்றும் கறுப்பு டேப் ஆகாது. அது இழுபடும் பிளாஸ்டிக். 25 பிஎஸ்ஐ காற்று அதை ஸ்போக் ஓட்டைக்குள் பிதுக்கித் தள்ளிக் கிழிக்கும், பசையும் வெயிலில் உருகி வழியும். பார்சல் ஒட்டும் டேப்பும் அப்படித்தான்.

8. டேப் ஒட்டுறதுல என்ன பெரிய வித்தை இருக்கு?

டியூப்லெஸ் போட்டு வெறுத்துப்போய் டியூபுக்குத் திரும்பியவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விட்டவர்கள். சீலன்ட் எந்தக் கம்பெனி என்று அலசுவதில் பாதி நேரத்தை டேப்புக்குக் கொடுங்கள்.

பழைய ரிம் பட்டையை எடுத்துவிட்டு ரிம்மை ஆல்கஹாலில் இரண்டு முறை துடைத்துக் காய விடுங்கள். அதன்பின் ரிம்மில் விரல் படக்கூடாது. வால்வு ஓட்டைக்கு 10 செ.மீ. தள்ளி டேப்பை ஆரம்பித்து, ரோலை நன்றாக இழுத்துப் பிடித்தபடியே ஒட்டிக்கொண்டு போங்கள். தொய்வாக ஒட்டினால் பள்ளத்தில் காற்றுக்குமிழ் நிற்கும். ஒவ்வொரு சாணுக்கும் துணியால் நடுப்பள்ளத்தில் முதலில், பிறகு ஓரங்களில் அழுத்தித் தேயுங்கள். சுற்று முடிந்து வால்வு ஓட்டையைத் தாண்டி இன்னும் 10 செ.மீ. போய் வெட்டுங்கள். வால்வு உட்காரும் இடத்தில் இரண்டு அடுக்கு இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கணக்கு. 29 இன்ச் ரிம்மில் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் ஆகும். மெல்லிய டேப் என்றால் இரண்டு சுற்று, அப்போது 10 மீட்டர் ரோல் இரண்டு சக்கரத்துக்கும் சரியாக வரும்.

வால்வு ஓட்டையைக் கத்தியால் கீறாதீர்கள். கீறலின் முனை நாளடைவில் நீளும். ஆணி ஒன்றைச் சூடாக்கி நடுவில் வட்டமாகத் துளைத்து, வால்வை அழுத்தி நுழைத்துவிடுங்கள். பிறகு ஒரு காரியம், பலர் பொறுமையில்லாமல் விடுவது: வால்வைத் திரும்ப எடுத்துவிட்டு, ஒரு டியூபைப் போட்டு டயரை மாட்டிக் காற்றடித்து ஓர் இரவு விடுங்கள். டியூப் டேப்பை மூலைமுடுக்கெல்லாம் அழுத்தி ஒட்டிவிடும். மடித்து வந்த புது டயரும் அந்த இரவில் வடிவத்துக்கு வந்துவிடும்.

9. என் ரிம்ல வால்வு ஓட்டை பெருசா இருக்கு, பைக் வால்வு மாதிரி. டியூப்லெஸ் வால்வு ஆடுது.

உங்கள் ரிம்மில் இருப்பது ஷ்ரேடர் ஓட்டை, 8.5 மி.மீ. விட்டம். கடையில் கிடைக்கும் டியூப்லெஸ் வால்வு பெரும்பாலும் 6.5 மி.மீ. பிரெஸ்டா ஓட்டைக்கானது. இரண்டு வழி உண்டு: ஷ்ரேடர் டியூப்லெஸ் வால்வே வாங்குவது, அல்லது பிரெஸ்டா வால்வோடு பெரிய ஓட்டைக்கான ரப்பர் வளையம் போடுவது. முதலாவது மேல். ஊர்ப் பஞ்சர் கடையில் அடாப்டர் இல்லாமலே காற்றடிக்கலாம், துவாரமும் பெரிது என்பதால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளாது.

பழைய டியூபிலிருந்து வால்வை வெட்டி எடுத்து வைப்பவர்களும் உண்டு. அடியில் இருக்கும் ரப்பர் தட்டையாக இருப்பதால் பள்ளத்தில் பொருந்தாமல் கசியும். எந்த வால்வானாலும் மேல்நட்டை விரலால் மட்டும் இறுக்குங்கள். பிளையர் போட்டு இறுக்கினால் வழியில் டியூப் போட வேண்டிய அன்று கழற்ற முடியாது.

10. சீலன்ட் எவ்வளவு ஊத்தணும்? எப்படி ஊத்தணும்?

26 இன்ச், 2.1 டயருக்கு 70 முதல் 80 மி.லி., 27.5 இன்ச், 2.3 டயருக்கு 90, 29 இன்ச், 2.3 டயருக்கு 100 முதல் 110. புது டயர் பக்கச்சுவரில் கொஞ்சம் குடிக்கும், அதனால் முதல் தடவை 20 மி.லி. கூட ஊற்றலாம். பாட்டிலை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். ஓட்டையை அடைக்கும் துகள்கள் அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் ஊற்றினால் தண்ணீர்தான் உள்ளே போகும், துகள் பாட்டிலிலேயே தங்கிவிடும்.

முதலில் சீலன்ட் இல்லாமல் டயரை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு காற்றை இறக்கி வால்வு பின்னைக் கழற்றி சிரிஞ்சால் ஏற்றுவது சுத்தமான வழி. துகள் பெரிதாக உள்ள சீலன்ட் சிரிஞ்சிலும் வால்விலும் சிக்கும். அதை டயரின் கடைசிச் சாணை மாட்டும் முன் நேராக உள்ளே ஊற்றிவிட்டு, சக்கரத்தைத் திருப்பி அந்த இடத்தை மேலே கொண்டுவந்து மூடுங்கள்.

11. பம்பு அடிக்க அடிக்க சைடு வழியா காத்து போயிட்டே இருக்கு. டயர் உக்காரவே மாட்டேங்குது!

பீட் இன்னும் பள்ளத்தில் கிடக்கிறது, ரிம் சுவரைத் தொடவில்லை. காற்று போகும் வேகத்தைவிட வரும் வேகம் கூடினால்தான் அது எழும். ஆகவே முதலில் வால்வு பின்னைக் கழற்றிவிட்டு அடியுங்கள், துவாரம் பெரிதாகிக் காற்று மொத்தமாகப் பாயும். பீடைச் சுற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வால்வு அருகே இரண்டு பீடும் வால்வின் அடி ரப்பருக்கு இருபுறமும் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் எத்தனை அடித்தாலும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

அப்படியும் வராவிட்டால் டியூபைப் போட்டு இரண்டு பீடையும் உட்கார வையுங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி டியூபை உருவி எடுத்து, வால்வை மாட்டி, மறுபடி அடியுங்கள். இப்போது ஒரு பக்கம் ஏற்கெனவே பிடித்திருக்கிறது, வேலை பாதி. டயர் ரிம்மில் லொடலொடவென்று தளர்வாக இருந்தால் டேப்பை இன்னொரு சுற்று சுற்றுங்கள். மடிப்பு விழுந்த டயரை அரை மணி நேரம் வெயிலில் போட்டாலும் இளகும்.

உட்காரும்போது 'டப், டப்' என்று சத்தம் வரும். பயப்பட வேண்டாம், அதுதான் பீட் வரப்பைத் தாண்டித் திண்ணையில் ஏறும் சத்தம். டயரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தால் சரியாக உட்கார்ந்தது. ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்தால் காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்பு தடவி மறுபடி அடியுங்கள். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தில் எது குறைவோ, அதைத் தாண்டக்கூடாது. பெரும்பாலான எம்டிபி டயர்கள் 40க்குள்ளேயே உட்கார்ந்துவிடும்.

12. பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல அடிக்கலாமா? பெட்ரோல் பங்க்ல?

அடிக்கலாம், டயரை உட்கார வைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அந்தத் தொட்டியில் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். எம்டிபி டயர் நிரம்ப இரண்டு மூன்று நொடிதான். கடைக்காரரிடம் முன்பே சொல்லி, ஒரு நொடி அடித்து நிறுத்தி, மீட்டர் பார்த்து மறுபடி என்று விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். அழுத்தம் கூடிப்போய் டயர் ரிம்மிலிருந்து தெறித்தால் காது அடைத்துப்போகும், விரல் நடுவில் இருந்தால் அதைவிட மோசம்.

13. ராத்திரி அடிச்ச காத்து காலைல பாதி இல்ல. எங்க போகுது?

சோப்புத் தண்ணீரைச் சுற்றிலும் தெளித்துக் குமிழ் எங்கே வருகிறது என்று பாருங்கள். பக்கச்சுவரில் ஊசிமுனைக் குமிழ்கள் என்றால் புது டயரின் குணம். சக்கரத்தை ஒரு வாளியின் மேல் படுக்க வைத்து, பக்கத்துக்குப் பத்து நிமிடமாகத் திருப்பிப் போடுங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். பீட் ஓரத்தில் குமிழ் வந்தால் அந்த இடத்தை அடியில் வைத்து ஆட்டுங்கள்.

ஸ்போக் நிப்பிள் வழியாகக் குமிழ் வந்தால் டேப் போயிற்று. குமிழ் வரும் நிப்பிளுக்கு நேர் மேலேதான் கிழிசல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். காற்று ரிம்மின் உள்ளறையில் சுற்றி எங்கு வேண்டுமானாலும் வெளிவரும். வால்வு அடியில் வந்தாலும் இதே காரணமாக இருக்கலாம். நட்டை ஒரு சுற்று விரலால் இறுக்கிப் பார்த்து, நிற்காவிட்டால் டேப்பை முழுசாக உரித்து 8ஆம் கேள்வியில் சொன்னபடி முதலிலிருந்து ஒட்டுங்கள். மேலே ஒட்டுப் போடும் வேலை நிற்காது, ஈர சீலன்ட் மேல் எந்தப் பசையும் பிடிக்காது.

14. காத்து எவ்வளவு வைக்கணும்?

70 கிலோ எடையுள்ளவர், 2.3 அகல டயர், கல்லும் மண்ணும் கலந்த பாதை என்றால் முன்னே 22, பின்னே 25 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். 85 கிலோ என்றால் இரண்டிலும் மூன்று கூட்டுங்கள். பிறகு ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு பிஎஸ்ஐ இறக்கிப் பாருங்கள். ரிம் கல்லில் 'டங்' என்று மோதினாலோ, வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிவது தெரிந்தாலோ குறைத்தது அதிகம், இரண்டு ஏற்றிக்கொள்ளுங்கள். கட்டை விரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது. 22க்கும் 26க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது, டயருக்குத் தெரியும். நல்ல மீட்டர் ஒன்று வாங்குங்கள்.

15. மேட்டுப்பாளையத்துல காத்து வச்சுட்டு ஊட்டிக்கு ஏத்திட்டுப் போறேன். மேல போய் மாத்தணுமா?

அநேகமாக வேண்டாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூடித் தெரிய வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால் குளிரில் காற்று சுருங்கி இரண்டரை பிஎஸ்ஐ குறைந்துவிடும். இரண்டும் கழிந்து கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். வெயிலில் மூடிய காருக்குள் சைக்கிளை வைத்துவிட்டுப் போவதுதான் கவனிக்க வேண்டியது. உள்ளே 60 டிகிரி ஆனால் மூன்று பிஎஸ்ஐக்கு மேல் ஏறும், சீலன்டும் சீக்கிரம் காயும்.

16. பைக்குக்குப் போடுற சீலன்ட் மலிவா கிடைக்குது. அதை ஊத்தலாமா?

அது பெரும்பாலும் கிளைக்கால் (glycol) திரவத்தில் நார் கலந்த குழம்பு. கனமான பைக் டயரில் ஆணி ஓட்டைக்குள் நாரை அடைத்து வைப்பதற்கானது. காய்ந்து தோலாகாது என்பதால், சைக்கிள் டயரின் பக்கச்சுவர்க் கசிவையும் பீட் கசிவையும் அடைக்காது. லேடெக்ஸ் சீலன்டின் வேலையே காற்று பட்ட இடத்தில் உறைந்து ரப்பராவதுதான்.

அப்படியானால் கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் பால் வாங்கி ஊற்றினால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். மரத்திலிருந்து வடித்த பால் சில மணி நேரத்தில் தானே திரிந்துவிடும். அமோனியா சேர்த்துச் செறிவாக்கிய பாலில் 60 சதவீதம் ரப்பர், அது அப்படியே உறைந்து கட்டியாகும். தண்ணீர், உறையாமல் தடுக்கும் பொருள், துகள் எல்லாம் கலக்கும் விகிதத்தில்தான் விஷயம் இருக்கிறது. சோதனை செய்ய ஆசையிருந்தால் பழைய டயரில் செய்யுங்கள். மலைப்பாதைக்கு அதோடு கிளம்பாதீர்கள்.

17. ஒரு தடவை ஊத்தினா எத்தனை மாசம் வரும்?

பாட்டிலில் இரண்டு முதல் ஆறு மாதம் என்று எழுதியிருக்கும். வேலூர், மதுரை, ராமநாதபுரம் வெயிலில் இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் மாதம் ஒரு முறை பாருங்கள். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் களக் களக்கென்று கேட்க வேண்டும். சத்தமில்லை என்றால் வால்வு பின்னைக் கழற்றி மெல்லிய கேபிள் டையை விட்டு எடுத்துப் பாருங்கள். நுனி நனையாவிட்டால் 50, 60 மி.லி. சேர்க்க வேண்டும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தியிருந்தால் சீலன்ட் அடியில் ஒரே இடத்தில் தேங்கிக் காயும். வாரம் ஒரு தடவை சக்கரத்தைச் சுற்றி வைத்தாலே போதும்.

காற்று நிற்கிறதே என்று விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. டயர் நன்றாக உட்கார்ந்திருந்தால் சீலன்ட் காய்ந்த பிறகும் காற்று நிற்கும். அடுத்த முள்ளுக்குத்தான் உண்மை தெரியும். காற்றடிக்கும்போது வால்வு நேர் கீழே இல்லாமல் கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில் நிற்கட்டும், தேங்கிய சீலன்ட் வால்வுக்குள் ஏறாது.

18. டயர்ல முள்ளு தெரியுது. புடுங்கவா, விடவா?

காற்று போகவில்லை என்றால் வீடு போய்ச் சேரும்வரை விட்டுவிடலாம். முள்ளே அடைப்பாக நிற்கும். பிடுங்குவதானால் சக்கரத்தைச் சுற்றி அந்த இடத்தைக் கீழே கொண்டுவந்து, பிடுங்கியதும் அப்படியே பத்து இருபது நொடி வைத்திருங்கள். சீலன்ட் ஓட்டையின் மேல் தேங்கி அடைக்கும். மேலே வைத்துப் பிடுங்கினால் வெறும் காற்றுதான் வெளியே வரும்.

19. பெரிய ஓட்டை. சீலன்ட் பீச்சி அடிக்குது, நிக்கவே இல்ல. என்ன பண்ண?

பிளக் போடும் ஊசியும் பிசின் தடவிய நார்த்திரியும் பையில் இருக்க வேண்டும். சைக்கிளுக்கான திரி 1.5 மி.மீ., 3.5 மி.மீ. என்று இரண்டு தடிமனில் வரும். திரியை ஊசியில் கோத்து, முக்கால் பங்கு உள்ளே போகும்வரை குத்தி, ஊசியை மட்டும் வெடுக்கென்று இழுங்கள். காற்று முழுசாகப் போவதற்கு முன்பே போட்டால் பீட் ரிம்மைவிட்டு விலகாது, வழியில் மறுபடி உட்கார வைக்கும் பாடு மிச்சம். பஞ்சர் கடையில் பைக் டயருக்குப் போடும் திரி இதற்குத் தடிமன் அதிகம். அதற்கான ஊசி சைக்கிள் டயரில் ஓட்டையைப் பெரிதாக்கிவிடும்.

பக்கச்சுவர் அரை அங்குலத்துக்கு மேல் கிழிந்தால் பிளக் நிற்காது. உள்ளே ஒரு துண்டு பழைய டயரை வைத்து, டியூப் போட்டு, மெதுவாக வீடு வர வேண்டியதுதான்.

20. அப்போ டியூபும் தூக்கிட்டுத்தான் போகணுமா?

ஆம், ஒன்று. போடுமுன் டியூப்லெஸ் வால்வை விரலால் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்தது முக்கியம்: டயரின் உட்புறத்தை மடித்த துணியால் சுற்றிலும் துடையுங்கள், வெறுங்கையால் வேண்டாம். மாதக்கணக்கில் குத்தி ஒடிந்த முள் நுனிகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். துணி சிக்கும் இடமெல்லாம் முள். நம் ஊர்ப் பாதையில் ஓடிய டயரில் பத்து இருபது கிடைப்பது சாதாரணம். எல்லாவற்றையும் பிடுங்காமல் டியூபைப் போட்டால் நூறு அடி தாண்டாது.

21. சிஓ2 சிலிண்டர் அடிச்சா சீலன்ட் கெட்டுப்போகுமாமே?

சில லேடெக்ஸ் சீலன்ட் குளிர்ந்த கார்பன் டையாக்சைடு பட்டால் கட்டிதட்டும். பாட்டிலில் ஒத்துவரும் என்று எழுதியிருந்தால் பயமில்லை. அவசரத்துக்கு அடிப்பதானால் வால்வை மேலே வைத்துக்கொள்ளுங்கள், வாயு நேராகத் தேங்கிய சீலன்டில் பாயாது. 16 கிராம் சிலிண்டர் ஒன்று 29 இன்ச், 2.3 டயரை 25 பிஎஸ்ஐ பக்கம் கொண்டுவரும். இந்த வாயு ரப்பர் வழியாகச் சீக்கிரம் கசியும். வீட்டுக்கு வந்ததும் இறக்கிவிட்டு பம்பில் அடித்து, சீலன்ட் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

22. ரிம் டியூப்லெஸ் இல்ல. சின்ன டியூபை நடுவுல கிழிச்சு ரிம் மேல விரிச்சுப் போடுறாங்களே, அது சரியா?

26 இன்ச் ரிம்மில் 20 இன்ச் டியூபைக் கிழித்து விரித்து, அதன் மேல் டயரை உட்கார வைத்து, வெளியே நீட்டியதை வெட்டிவிடும் பழைய தந்திரம் அது. காற்று பிடிக்கும், பல சமயம் நன்றாகவே பிடிக்கும். ஆனால் 4ஆம் கேள்வியில் சொன்ன வரப்பு இதனால் வந்துவிடாது, பீட் விலகும் அபாயம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு தடவை டயரைக் கழற்றும்போதும் புது டியூப் கிழிக்க வேண்டும். ரிம் மாற்றும்வரை டியூபுக்குள்ளேயே 60 மி.லி. சீலன்ட் ஊற்றி ஓட்டுவது இதைவிடப் பாதுகாப்பு. வால்வு பின் கழலும் டியூபாகப் பார்த்து வாங்குங்கள். நசுங்கும் பஞ்சருக்கு அது உதவாது, முள்ளுக்கு நன்றாகவே உதவும்.

23. ஒரு சக்கரம் மட்டும் மாத்தினா போதுமா?

காசு ஒரு சக்கரத்துக்குத்தான் இருக்கிறது என்றால் பின்சக்கரத்தை மாற்றுங்கள். உடல் எடையில் பெரும்பங்கு அங்கேதான் விழுகிறது, பஞ்சரும் அங்கேதான் அதிகம். பிடிமானம் வேண்டும் என்று கேட்பவருக்கு முன்சக்கரம். இரண்டிலும் காற்றழுத்தம் வேறாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டியூப் உள்ள பக்கத்தில் பழைய அளவே வைக்க வேண்டும்.

24. சீலன்ட் டிஸ்க் பிரேக் மேல தெறிச்சுடுச்சு. இப்ப பிரேக் கீச்சிடுது.

டிஸ்க்கை ஆல்கஹாலில் சுத்தமான துணியால் துடையுங்கள். துணியில் கறை வராமல் போகும்வரை புதுத் துணி மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பேடைக் கழற்றி மணல் தாளில் மேல்தோலை மட்டும் தேய்த்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள். பேடில் ஊறிப்போயிருந்தால் தேய்த்தும் பயனில்லை, புது பேட்தான். அடுத்த முறை வால்வு வழியாக ஊற்றும்போது டிஸ்க் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்ளுங்கள். துணியில் பட்ட சீலன்டை ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் அலசினால் போய்விடும், காய்ந்தால் அந்தச் சட்டை சைக்கிள் துடைக்கத்தான்.